நடீனின் நீளப் பெட்டிகள்

என் அண்ணன் லோவல் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு எப்போது போனாலும் அங்கே நடப்பது 1938ஆம் வருஷம்தான். மேலே வீட்டில் 1996 ஓடிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியில் தேர்தல் சண்டை, அடுப்படியில் மைக்ரோவேவ், வாசலில் அவனுடைய புது டிரக். படியிறங்கிப் போனால் ஒரு பெரிய மேசைமேல், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அதற்கு ஒரு மாவு ஆலை, ஒரு மரக்கடை, வெள்ளைக் கோபுரம் வைத்த ஒரு சர்ச். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. மலையைக் குடைந்து வரும் ஒற்றைத் தண்டவாளத்தில் உள்ளங்கையில் அடங்குகிற நீராவி எஞ்சின் ஒன்று, இரண்டு குட்டைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும்.

அந்த ஊரையும் மலையையும் ரயில் கம்பெனியையும் அவனே கற்பனை செய்து கையால் செய்தான். மாவட்டச் சாலைத் துறையில் சர்வே வேலை. பகலெல்லாம் நிஜ மலைகளை அளந்துவிட்டு வந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையிலும் சாந்திலும் மலை கட்டுவான். ஐம்பது வயது தாண்டியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பண்ணிக்கொள்ள நேரமில்லை என்பான்.

அந்தக் கீழ்த்தளத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. 1938க்குப் பிறகு பிறந்த எதுவும் அந்த மேசைமேல் ஏறக்கூடாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் அவனுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு தீயணைப்பு வண்டி வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரொம்ப அழகா இருக்கு, வெர்னா. ஆனா இது நாப்பத்தொண்ணுல வந்த மாடல்."

"அதனால?"

"இன்னும் தயாராகவே இல்ல. எப்படி நிறுத்தறது?"

பத்திரமாகக் காகிதத்தில் சுற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டான். இப்படிப்பட்டவனைத்தான் நடீன் லிட்டர்ஸ்கி கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

நடீன் பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். கணவர் இறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வினோனா ஊரின் கிழக்குப் பக்கத்துப் போலந்து வம்சத்துக்காரி. சிரித்தால் பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஊரின் மாடல் ரயில் கிளப்பில் சேர்ந்த ஒரே பெண் அவள்தான். அவளிடம் மேசை கிடையாது, மலை கிடையாது, ஒரு முழத் தண்டவாளம்கூடக் கிடையாது. அடுக்ககத்தில் ஓர் அறை வீடு. ஆனால் அவளிடம் ஒரு ரயில் இருந்தது. 1955ஆம் வருஷத்து எக்ஸ்பிரஸ். ஆரஞ்சும் மரூனும் பூசிய டீசல் எஞ்சின், அதே நிறத்தில் பதினோரு பெட்டிகள். சாப்பாட்டுப் பெட்டி, படுக்கைப் பெட்டிகள், வானம் பார்க்கிற கண்ணாடிக் கூரைப் பெட்டி, கடைசியில் வட்ட முகம் வைத்த ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அடி நீளம். கிளப்பின் பெரிய மேசையில் வியாழக்கிழமைகளில் மட்டும் அதை ஓட்டுவாள்.

அங்கேதான் பழக்கம். அண்ணனுடைய ரயில் பெட்டி ஒன்றின் இணைப்புக் கொக்கி வளைந்துபோய் அவன் திண்டாடிக்கொண்டிருந்தபோது, நடீன் கைப்பையிலிருந்து பல் நோண்டும் கருவியை எடுத்து ஒரே சுண்டில் சரிசெய்தாளாம். "வாயத் திறங்கன்னு மட்டும்தான் அவ சொல்லல," என்று அண்ணன் என்னிடம் சொன்னான். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மே மாதம் அவளுடைய கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம். நாங்கள் நார்வே வம்சத்து லூத்தரன் சபைக்காரர்கள். கூட்டத்தில் கை தட்டுவதற்கே யோசிப்பவர்கள். அன்றைக்கு என் அண்ணன் போல்கா நடனம் ஆடினான். ஆடினான் என்றால் சரியாகச் சொன்னதாகாது, ஆனால் நிற்காமல் இருந்தான்.

நடீன் பதினோரு அட்டைப்பெட்டிகளோடும் ஒரு எஞ்சினோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவற்றைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். கோடை முழுவதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கீழே போவார்கள். அண்ணன் வண்டி ஓட்ட, அவள் சிக்னல் போடுவாள். அவனுடைய வண்டி, அவனுடைய சிக்னல், அவனுடைய வருஷம்.

செப்டம்பரில் கிளப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை உறுப்பினர்களின் வீடுகளைத் திறந்து வைத்து ஊர்க்காரர்களுக்கு ரயில் காட்டுவது வழக்கம். இந்த முறை அண்ணன் வீடும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் சாப்பிட்டேன். இறைச்சிமேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷை நடீன் இரண்டாம் தடவை பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"லோவல், அன்னிக்கு என் வண்டியும் ஒரு சுத்து வரட்டுமே."

அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "உன் வண்டி அம்பத்தஞ்சு."

"தெரியும்."

"நம்ம ஊரு முப்பத்தெட்டு."

"நம்ம ஊர்ல யாரும் காலண்டர் பாக்க மாட்டாங்க. எல்லாம் பிளாஸ்டிக் ஆளுங்க."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"வருஷத்த விடு. வளைவு இருக்கே. உன் பெட்டி நீளத்துக்கு அந்த வளைவு பத்தாது. திரும்பாது."

"போட்டுப் பாத்தியா?"

"போட்டுப் பாக்கவே வேணாம். கணக்கு சொல்லுது."

"கணக்கு சொல்றத நானும் கேட்டுக்கறேன். வா கீழ."

போனோம். நடீன் ஒவ்வொரு பெட்டியாகத் துணியால் துடைத்துத் தண்டவாளத்தில் வைத்தாள். நேர்ப்பாதையில் அந்த வண்டி நின்றபோது நானே ஓர் அடி முன்னால் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம் விளக்கொளியில் ஜொலித்தது. அதன் பக்கத்தில் அண்ணனுடைய ஊர் முழுக்கப் புழுதி படிந்த மாதிரி தெரிந்தது. எஞ்சின் புறப்பட்டது. அதன் நீளம் குறைவு. வளைவில் அலட்டிக்கொள்ளாமல் திரும்பிப் போனது. பின்னால் வந்த முதல் பெட்டியின் மூலை சுரங்க வாயில் உரசியது. அடுத்தடுத்த பெட்டிகள் வளைவுக்கு உள்பக்கமாகச் சாய, நடுவில் இருந்த கண்ணாடிக் கூரைப் பெட்டி தடம்புரண்டு கரையில் உருண்டு ஆற்றில் விழுந்தது. ஆறு பசையால் செய்தது, நனையவில்லை. பெட்டியின் படிக்கட்டு ஒன்று மட்டும் உடைந்தது.

ஒரு நல்ல கணவன் அந்த நேரத்தில் எதுவும் சொல்லியிருக்கமாட்டான். என் அண்ணன் சொன்னான்.

"நான்தான் சொன்னேனே."

நடீன் பெட்டிகளைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். ஆற்றில் இருந்ததைக் கடைசியாக எடுத்தாள். மேலே போய்ப் பாத்திரம் கழுவினாள். பிறகு பல நாட்கள் நல்லபடியாகவே பேசினாள், சிரித்தாள், ஆனால் கீழே மட்டும் போகவில்லை.

சிக்னல் போட ஆள் இல்லாமல் அண்ணன் தனியாக வண்டி ஓட்டினான். இரண்டாவது வாரம் எனக்கு போன் பண்ணினான்.

"வெர்னா, லா க்ராஸ் வரைக்கும் வரியா? ஒரு பொருள் வாங்கணும். பொம்பள கண்ணு ஒண்ணு வேணும்."

ஆற்றைக் கடந்து லா க்ராஸில் இருந்த மாடல் ரயில் கடைக்குப் போனோம். கடைக்காரர் எல்ராய் வயிற்றுக்கு மேலே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பவர். அண்ணன் விஷயத்தைச் சொன்னான். அவர் உள்ளே போய் அதே ஆரஞ்சு மரூன் நிறத்தில் குட்டைப் பெட்டிகள் சிலவற்றைக் கொண்டுவந்து வைத்தார். நிஜப் பெட்டியில் பன்னிரண்டு ஜன்னல் என்றால் இதில் எட்டு. நெருக்கமான வளைவு வைத்திருப்பவர்களுக்கென்றே கம்பெனிகள் இப்படிச் செய்கின்றனவாம். மேசைமேல் ஒரு வளைந்த தண்டவாளத்தைப் போட்டு விரலால் தள்ளிக் காட்டினார். பெட்டி அழகாகத் திரும்பியது.

"எனக்கு என்னவோ குட்டையா தெரியுது," என்றேன்.

"உங்கண்ணனும் குட்டைதான். ஓடலயா?" என்றார் எல்ராய்.

அண்ணன் வெகுநேரம் தேர்ந்தெடுத்தான். கண்ணாடிக் கூரைப் பெட்டியைக் கையில் எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். வட்டமுகப் பெட்டியை மூன்று தடவை வைத்து மூன்று தடவை எடுத்தான். கடைசியில் ஆறு பெட்டிகள் வாங்கினான். திரும்பும் வழியெல்லாம் விசில் அடித்தான். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட சர்வேயரின் விசில்.

அன்று சாயங்காலம் நடீன் வேலையிலிருந்து வரும்போது சமையல் மேசைமேல் அந்த ஆறு பெட்டிகளும் வரிசையாக நின்றன. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"வளைவுல திரும்பும்," என்றான் அண்ணன். "உன் கலர்."

நடீன் ஒன்றை எடுத்து ஜன்னல்களை எண்ணினாள். அவள் கோபப்படவில்லை. அண்ணன் கன்னத்தைத் தட்டினாள்.

"எனக்காக இவ்வளவு தூரம் போய் வாங்கியிருக்க. சந்தோஷம்தான் லோவல். ஆனா இது என் வண்டி இல்ல. என் வண்டிய வெந்நீர்ல துவைச்சு சுருக்கின மாதிரி இருக்கு."

"திரும்பணும்னா இதுதான் வழி."

"மலைய நகத்தலாம்னு உனக்குத் தோணவே இல்லயா?"

அண்ணன் ஒரு குட்டைப் பெட்டியை எடுத்துத் திரும்ப வைத்தான். அந்தக் கேள்வியை அவன் உண்மையாகவே எதிர்பார்க்கவில்லை.

"நான் வந்து அஞ்சு மாசம் ஆகப்போகுது," என்றாள் நடீன். குரலை உயர்த்தவே இல்லை. "இந்த வீட்ல ஒரு நாற்காலி எடம் மாறல. திரைச்சீலை அதேதான். கீழ வருஷம் அதேதான். நான் எல்லாத்துக்கும் பொருந்திப் போறேன், லோவல். பொருந்தறது எனக்குக் கஷ்டம் இல்ல. ஆனா எனக்காக ஏதாவது ஒண்ணு அசையுமான்னு பாத்தேன்."

நான் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன். சில இடங்களில் தங்கைகளுக்கு வேலை இல்லை. வாசல் வரை வந்த அண்ணன், "மலைய நகத்தறதா? அது பத்தொம்பது வருஷ வேலை வெர்னா," என்று முணுமுணுத்தான். "அவ தன் அம்பது வருஷ வாழ்க்கைய தூக்கிட்டு வந்திருக்கா, அண்ணா," என்றேன்.

அக்டோபர் அப்படியே போனது. ஊர்க்காரர்கள் வருகிற சனிக்கிழமை காலையில் லேசான பனி. நான் காபி போடவும் எலுமிச்சை கேக் வெட்டவும் சீக்கிரமே வந்துவிட்டேன். முதல் கூட்டம் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழே இருந்து ஒரு சத்தம் கேட்டது. கடக், கடக், கடக். பிறகு ஒன்றுமில்லை.

கீழே அண்ணன் நீராவி எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. இன்னொரு எஞ்சின் இருந்தது, ஆனால் அது துண்டு துண்டாகக் கழற்றிய நிலையில் ஒரு கேக் தட்டில் கிடந்தது. மேலே இருந்து சின்னப்பிள்ளைகளின் குரலும் படியிறங்கும் காலடியும் கேட்டன. அண்ணன் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. அவ்வளவு பெரிய ஊரில் ஓட ஒரு எஞ்சின் இல்லை.

அப்போது நடீன் இறங்கி வந்தாள். கையில் அவளுடைய டீசல் எஞ்சின்.

"இது வளைவுல திரும்பும். அன்னிக்கே பாத்தோம்," என்றாள். "உன் பெட்டிகள இழுக்கட்டும். வேணாம்னா சொல்லிடு, மேலயே வச்சிடறேன்."

அண்ணன் எஞ்சினைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். தெருவில் நிற்கும் முப்பதுகளின் கார்களை, மாவு ஆலைச் சுவரில் அவன் கையால் எழுதிய பழைய விளம்பரத்தை எல்லாம் ஒருமுறை பார்த்தான். முதல் பூட்ஸ் இல்லாத கால் கடைசிப் படியில் தெரிந்தது.

"வை," என்றான்.

கொக்கிகளின் உயரம் சேரவில்லை. நடீன் சட்டைப் பையிலிருந்து பல் கருவியை எடுத்தாள். க்ளிக் என்று பிடித்துக்கொண்டது. பளபளக்கும் ஆரஞ்சு எஞ்சின், அழுக்குப் பச்சை நிறக் குட்டைப் பெட்டிகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு எந்த வருஷமாக இருந்தால் என்ன.

கூட்டத்தில் மெர்ல் ஹோக்லண்டும் இருந்தார். கிளப்பில் பெட்டியில் அடித்திருக்கும் ஆணிகளைக்கூட எண்ணிப் பார்ப்பவர். தப்பு கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு ருசி. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டி ஒரு சுற்று வரும்வரை காத்திருந்தார்.

"என்ன லோவல். முப்பத்தெட்டுல இந்த எஞ்சின் ஏது?"

நான் அண்ணனையே பார்த்தேன். அவன் காதுகள் சிவந்திருந்தன.

"முப்பத்தெட்டா? இது அம்பத்தஞ்சு," என்றான்.

"அப்படியா. அப்ப தெருவுல நிக்கற காரெல்லாம் முப்பத்தேழு மாடலா இருக்கே."

"எங்க ஊர்க்காரங்க கொஞ்சம் சிக்கனம்," என்றான் அண்ணன். "நார்வேக்காரங்க, மெர்ல். ஓடற வரைக்கும் மாத்த மாட்டாங்க."

நடீன்தான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். மெர்ல்கூட. பிறகு அவரே, அந்தக் காலத்தில் கிளைப்பாதைகளில் புது டீசலுக்குப் பின்னால் தாத்தா காலத்துப் பெட்டிகளைக் கட்டி ஓட்டியது உண்மைதான் என்று ஒரு பிரசங்கமே செய்தார். அண்ணன் அதைக் கேட்கவில்லை. அவன் சிக்னல் கைப்பிடிகளைக் காட்டி நடீனிடம் ஏதோ சொன்னான். அவள் தன் பழைய இடத்தில் போய் நின்றாள். அன்று மாலைவரை இருவரும் அந்த விசித்திர வண்டியை ஓட்டினார்கள்.

அடுத்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே ரம்பச் சத்தம் கேட்டது. நடீன் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல, வெர்னா. சத்தியமா சொல்லல. காலைல எந்திரிச்சான், ரம்பத்த எடுத்தான்."

கீழே அண்ணன் தலைமுடியெல்லாம் சாந்துத் தூளாக நின்றான். மலையில் பாதி தரையில் கிடந்தது. சுவரில் பென்சிலால் ஒரு பெரிய வளைவு வரைந்திருந்தான். அது அறை முழுவதையும் சுற்றி, துணி துவைக்கும் அறைக்குள் சுவரைத் துளைத்துப் போய், மறுபடி வந்தது.

"வெளிப்பக்கமா அகலமான லைன் ஒண்ணு," என்றான். "அதுல எக்ஸ்பிரஸ். நம்ம குட்டி லைன் உள்ளயே இருக்கட்டும். ரெண்டும் இங்க ஒரு ஜங்ஷன்ல சந்திக்கும். நடீன் வண்டில வர்றவங்க எறங்கி என் வண்டில ஏறி ஊருக்குப் போவாங்க."

"சுவத்துல ஓட்டை போடப் போறியா?"

"துணி ட்ரையருக்கு மேல ஒரு அடி தள்ளி. நடீன்கிட்ட கேட்டுட்டேன்."

"என்கிட்ட எங்க கேட்ட?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இப்ப கேக்கறேன்."

"சரி. ஆனா துணில தூசி விழுந்தா நீதான் துவைக்கணும்."

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. ஜங்ஷன் பிளாட்பாரத்தை எவ்வளவு நீட்டினாலும் ஏழு பெட்டிகளுக்குத்தான் இடம். நடீனிடம் இருப்பது பதினொன்று. ஜனவரியில் ஒரு ஞாயிறு முழுக்க அந்தத் தேர்வுதான் நடந்தது. பெட்டிகள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் வந்து நின்றன. நான் கசகசா ரொட்டியைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன்.

"மொதல்ல இது பகல் வண்டியா ராத்திரி வண்டியான்னு முடிவு பண்ணு," என்றான் அண்ணன். "அப்பதான் எது வேணும், எது வேணாம்னு தெரியும்."

நடீன் யோசித்தாள். "பகல் வண்டி. காலைல கெளம்பி சாயங்காலம் போய்ச் சேரணும்."

"அப்ப படுக்கைப் பெட்டி மூணும் போகுது."

"பகல்ல யாரு தூங்குவா, போகட்டும்."

"நான் தூங்குவேன்," என்றான் அண்ணன்.

"நீ நாற்காலிலயே தூங்கறவன். உனக்கு எதுக்குப் படுக்கை?"

படுக்கைப் பெட்டிகள் மூன்றும் ஓரமாகப் போயின. இன்னும் ஒன்று போகவேண்டும். சாமான் பெட்டி இல்லாமல் எக்ஸ்பிரஸ் கிடையாது என்றாள் நடீன். எஞ்சினுக்கு அடுத்தது அதுதான். பிறகு மூன்று உட்காரும் பெட்டிகள். கண்ணாடிக் கூரைப் பெட்டி இருந்தே ஆகவேண்டும்; அதன் உடைந்த படிக்கட்டை அண்ணனே பித்தளைத் தகட்டில் புதிதாகச் செய்து ஒட்டியிருந்தான். வட்டமுகப் பெட்டி இல்லாவிட்டால் வண்டிக்கு முடிவே இல்லாத மாதிரி இருக்கும். மிச்சம் இருந்தது சாப்பாட்டுப் பெட்டியும் காபிக் கடைப் பெட்டியும். இரண்டில் ஒன்று.

"காபிக் கடைய வச்சுக்கோ. சின்னதா அழகா இருக்கு," என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"வெர்னா, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்க வெறும் சாண்ட்விச் தின்னுட்டு வருவாங்களா?" என்றாள் நடீன்.

"வெள்ளைத் துணி விரிச்ச மேசை வேணும்," என்றான் அண்ணன். "உருளைக்கிழங்கு, வறுத்த மீன், ஆப்பிள் பை. நாம என்ன பிச்சைக்காரக் கம்பெனியா?"

அவன் 'நாம' என்று சொன்னதை நடீன் கவனித்தாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, கூரைப் பெட்டிக்கு முன்னால் வைத்து, வரிசையை நேராக்கினாள்.

"ஏழு," என்றாள்.

அந்தக் குட்டைப் பெட்டிகள் ஆறும் வீணாகவில்லை. கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு நடீன் கொடுத்துவிட்டாள். அவர்கள் வீட்டு மேசை ஒரு கதவு அளவுதான். அங்கே அவை ராஜா மாதிரி ஓடுகின்றனவாம்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை புதுப்பாதையில் முதல் ஓட்டம். கிளப்பில் மீன் வறுவல் விருந்து இருந்தது; போவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மூவரும் கீழே இறங்கினோம். துணி துவைக்கும் அறையில் ட்ரையர் சுற்றிக்கொண்டிருந்தது. நடீன் அங்கே இருந்து வண்டியைக் கிளப்பினாள். சுவரின் ஓட்டை வழியாக ஆரஞ்சு மூக்கு தெரிந்தது, பிறகு சாமான் பெட்டி, பிறகு ஒவ்வொன்றாக, அகலமான வளைவில் எந்தப் பெட்டியும் சாயாமல், வட்டமுகம் கடைசியாக. சோப்பு வாசனையோடு வந்தது அந்த எக்ஸ்பிரஸ். ஜங்ஷனில் சரியாக நின்றது.

அண்ணனுடைய நீராவி எஞ்சின், புதுப் பல்சக்கரத்தோடு, இன்னும் மாவு ஆலையிடமே நின்றது. அண்ணன் கைப்பிடியை மறந்துவிட்டு நடீனின் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோவல், உன் வண்டி லேட்டு," என்றாள் நடீன்.

"எக்ஸ்பிரஸ் கிளை வண்டிக்காகக் காத்திருக்காது. அதுதான் ரூல். நீ கெளம்பு."

"இது என் எக்ஸ்பிரஸ். நான் நிறுத்துவேன்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் கைப்பிடியைத் திருப்பினான். பாதி உடைந்த மலையைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், அண்ணனுடைய சின்ன வண்டி ஜங்ஷனை நோக்கி வந்தது. நான் கோட்டைத் தேடினேன். மீன் ஆறிவிடும் என்று சொன்னேன். யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.